ஜியோஜிப்ரா வரைபுச் செயலி: ஒரு ரியூசன் ரீச்சரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். நேர்கோட்டு வரைபில் சூத்திரம் எல்லாருக்கும் பாடம்: வை = எம் எக்ஸ் + சீ. எம் படித்திறன் (கோட்டின் சரிவு), சீ வெட்டுத்துண்டு (கோடு வை அச்சை வெட்டும் இடம்). ஆனால் 2வை = 4எக்ஸ் + 6 என்று எழுதிவிட்டுப் படித்திறன் கேட்டால், பாதிப் பேர் இரண்டு என்று சொல்லாமல் நான்கு என்பார்கள். எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண்தானே!

அதற்காகத்தான் ஜியோஜிப்ராவைக் கைபேசியில் போட்டேன். 2001 இல் ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கியது. காசு கேட்காது, ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலும் ஓடும்.

சமன்பாட்டை எம், சீ என்ற எழுத்துகளோடு அப்படியே அடித்தால் இரண்டு ஸ்லைடர் (விரலால் இழுத்து எண்ணை மாற்றும் பட்டை) வரும். எம்மை இழுத்தால், வை அச்சைத் தொடும் புள்ளி அசையாமல் நிற்க, கோடு அதைச் சுற்றித் திரும்பும். சீயை இழுத்தால் கோடு சரிவு மாறாமல் மேலும் கீழும் போகும். நான் சொல்லும் ஒரே நிபந்தனை: இழுக்க முதல் கொப்பியில் கோடு எங்கே போகும் என்று கீறிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் ரீல்ஸ் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 2வை = 4எக்ஸ் + 6 ஐயும் அப்படியே அடிக்கலாம்; கோடு வை அச்சை 3 இல் வெட்டுவதைக் கண்டதும், "அப்ப முதலில் இரண்டால் வகுக்க வேணும்" என்று தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டோக் கணக்கு. முதல் கிலோமீட்டருக்கு 120 ரூபாய், பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 100 என்று வைத்துக்கொள்வோம் (உண்மை விலை அடிக்கடி மாறும், எண்கள் நான் போட்டவை). வெட்டுத்துண்டு என்ன? எல்லாரும் 120 என்றார்கள். சரி, அட்டவணை போடுவோம்: 1 கிலோமீட்டருக்கு 120, 2 க்கு 220, 3 க்கு 320. எக்ஸ் கிலோமீட்டர், வை ரூபாய் என்றால் சமன்பாடு வை = 100எக்ஸ் + 20. வெட்டுத்துண்டு 20 தான்! ஆனால் யாரும் ஓட்டோவில் ஏறி இருந்துவிட்டு 20 ரூபாய் கொடுத்து இறங்குவதில்லை. கோட்டைப் பின்னால் நீட்டினால் வை அச்சை வெட்டும் இடம் அது. கோடு உண்மையில் செல்லுபடியாவது 1 கிலோமீட்டரிலிருந்து. செயலி அதைப் பார்க்காது, எதிர்க் கிலோமீட்டருக்கும் கோடு கீறும். எல்லையை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதே கோட்டை அடித்தவுடன் இன்னொன்றும் தெரியவரும். தொடக்கத் திரையில் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம். "ரீச்சர், கோடு நெட்டா நிக்குது!" படித்திறன் 100 அல்லவா, நிற்கத்தானே செய்யும். வை அச்சைப் பிடித்துச் சுருக்கினால் கோடு மெதுவாகச் சரிந்து வரும். படித்திறன் மட்டும் இன்னமும் 100 தான், ஒரு கிலோமீட்டருக்கு 100 ரூபாய். கோட்டின் தோற்றத்தைக் கண்ணால் பார்த்துப் படித்திறன் சொல்லக்கூடாது, அச்சிலுள்ள எண்களை வாசிக்க வேண்டும். கரும்பலகையில் இதைக் காட்ட எனக்கு மூன்று வரைபு கீற வேண்டியிருந்தது, இங்கே விரலை ஒருமுறை இழுத்தால் போதும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகளைக் காட்டும்போது மட்டும் அச்சுகளை ஒரே அளவுத்திட்டத்துக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் படித்திறன்களின் பெருக்கம் −1 ஆக இருந்தும் கோணம் 90 பாகையாகத் தெரியாது.

எக்ஸ் = 3 போன்ற நிலைக்குத்துக் கோடு எம் ஸ்லைடரில் வராது. எவ்வளவு இழுத்தாலும் வராது, ஏனென்றால் அதற்குப் படித்திறனே வரையறுக்கப்படவில்லை. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன், நல்ல கேள்வியாகக் கேட்கலாம்.

தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் கல்குலேட்டரே கிடையாது, வரைபுத்தாளில் பென்சிலால்தான் கீற வேண்டும். ஆகவே செயலியை மட்டும் நம்பி இருக்கும் பிள்ளைக்கு இது உதவாது. சிறிய திரையில் நான்கு தலைகள் ஒன்றாகக் குனிந்தால் ஒருவருக்கும் தெரியாது. டப்லெட் இருந்தால் அதில் போடுங்கள்.

ஐந்துக்கு நான்கு. வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு மூன்று, பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க ஒருவர் இருந்தால் ஐந்து.