ஐந்து வருட டென்ட், இரண்டு தடவை கேரவன்: அலிபாக் பக்கத்து அனுபவம்

2020 கடைசியில், மும்பை செம்பூர் ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடந்த அலுப்பில், நாலு பேர் படுக்கும் டென்ட் ஒன்று வாங்கினோம். ஐந்து குளிர்காலம் ஓடிவிட்டது. நாகாவ், அக்‌ஷி, ரேவ்தண்டா, காஷித் என்று மும்பைக்குத் தெற்கே, அலிபாக்கை ஒட்டிய கொங்கண் கரையில் இருபது ராத்திரியாவது அதில் படுத்திருப்போம். நடுவில் இரண்டு தடவை கேரவன் வாடகைக்கு எடுத்தும் பார்த்தாயிற்று. இப்போது யாராவது "பீச் கேம்பிங் எங்கே போகலாம்?" என்று கேட்டால், ஊர்ப் பெயர் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகிற அன்றைக்கு என்ன திதி?

சிரிக்காதீர்கள். எங்கள் முதல் ராத்திரி பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் கடலைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நாள். கணவருக்குச் சொந்த ஊர் உவரி. கடலோரத்தில் வளர்ந்த தைரியம் அவருக்கு. மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் எங்கேயோ தூரத்தில் கோடாகத் தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு வெளியே, சமமான மணலில் டென்ட்டை அடித்தார். இடத்துக்காரர் வீட்டுப் பையன் வந்து "பர்தி யேணார்" என்றான். எங்கள் மராத்திக்கு அது எட்டவில்லை. சிரித்துவிட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பினோம்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் குதிகால் ஜில்லென்றது. டென்ட்டின் தரைவிரிப்புக்கு அடியில் யாரோ தண்ணீர்ப் பையைத் தள்ளிவிட்ட மாதிரி மெத்துமெத்தென்று அசைந்தது. டார்ச் அடித்தால், வாசலில் விட்ட செருப்பு நாலு ஜோடியும் இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடினோம். 'பர்தி' என்றால் கடல் தண்ணீர் ஏறிவருகிற ஏற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைத்தது, அதுவும் எங்களுடையது இல்லை.

நம் ஊர்க் கடலை நம்பி இங்கே படுக்கக்கூடாது என்பதுதான் விஷயம். திருச்செந்தூரிலோ மெரினாவிலோ ஏற்றத்துக்கும், தண்ணீர் இறங்கிப்போகும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். மும்பை பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டரையும் தாண்டும். சரிவே இல்லாத மணலில் அந்த நாலு மீட்டர் ஏறினால், கடல் நடந்தே வந்து வாசலைத் தட்டும். அந்த நாட்களில் இங்கே ஏற்றம் வருவது நடுப்பகலையும் நடுராத்திரியையும் ஒட்டி. ஆறு மணிக்குப் போய் இறங்குகிறவர் பார்ப்பது முழு வற்றத்தை. ஏமாறாமல் என்ன செய்வார்? பிறகு தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டி ஏற்றமே சாதுவாக இருக்கும்.

ஆகவே இடம் பார்க்கப் போனால் கடலைப் பார்க்காதீர்கள், மணலைப் பாருங்கள். தேங்காய் மட்டை, தெர்மாகோல், குச்சி எல்லாம் கோடு கிழித்தது போல ஒதுங்கிக் கிடக்கும். அது கடைசியாக வந்த ஏற்றம். அதற்கு மேலே, காய்ந்து வெளுத்துப்போன இன்னொரு கோடு இருக்கும். அது போன பௌர்ணமியோ அமாவாசையோ விட்டுப்போனது. அதையும் தாண்டி, அடப்பங்கொடி படர்ந்திருக்கிற மேட்டுக்குப் பின்னால் போட்டால் நிம்மதி.

இந்தப் பக்கம் கேம்ப்சைட் என்று சொல்வது பெரும்பாலும் 'வாடி'களைத்தான். கடற்கரைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் தென்னை, பாக்குத் தோப்பு. அதில் அவர்களே பத்துப் பதினைந்து டென்ட் போட்டு வைத்திருப்பார்கள். நம் டென்ட்டைக் கொண்டுபோனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இடம் தருவார்கள். போனில் நான் கேட்பது மூன்று கேள்வி. குடும்பம் அங்கேயே வசிக்கிறதா? கழிப்பறை எத்தனை பேருக்கு எத்தனை? சனிக்கிழமை டிஜே உண்டா? மூன்றாவதற்கு "பத்து மணி வரைக்கும்தான் மேடம்" என்று பதில் வந்தால், பன்னிரண்டு வரை என்று அர்த்தம். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், ஆனால் அதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? ஞாயிறு மதியம் போய்த் திங்கள் திரும்புவது எங்களுக்குச் சரிப்பட்டது. அதே தோப்பு, ஆளே இல்லாமல் கிடக்கும்.

தென்னைக்கு அடியில் மட்டும் டென்ட் வேண்டாம். தேங்காய் நேரம் பார்த்து விழாது. சவுக்கு நல்லது. சருகு மெத்தை மாதிரி இருக்கும், வேர் ஓடிய மண் டென்ட் முளையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் டென்ட்டுடன் வரும் கம்பி முளை ஒரு காற்றுக்குத் தாங்காது. மாட்டுங்கா கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்தால் டென்ட் அசையாது. திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து எடுத்து வந்துவிடலாம்.

உப்புக்காற்றில் முதலில் போனது துணி இல்லை, ஜிப். இரண்டாம் வருடமே இறுகிவிட்டது. இப்போது வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைக்கிறேன். சொசைட்டி மொட்டைமாடியில் காயப்போடுவதற்கு ஒவ்வொரு தடவையும் செக்ரட்டரியிடம் பேச்சு வாங்குவது தனிக்கதை.

கேரவனுக்கு வருவோம். மாமியார் உவரியிலிருந்து வந்திருந்தபோது, தரையில் படுக்க முடியாதே என்று எடுத்தது. டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியது. கட்டில், குட்டி அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. அலிபாக் பக்கத்துப் படகுத்துறையான மாண்ட்வாவுக்கு எங்கள் கார், மும்பையின் பாவ்ச்சா தக்கா துறையிலிருந்து வண்டி ஏற்றும் ரோரோ படகில் ஒரு மணி நேரத்தில் போய்விடும். கேரவனைச் சாலை வழியாக பென், வட்கல் நெரிசலில் கொண்டுபோனோம். நாகாவ் சந்துகளில் கூரை ஏசியில் தென்னோலை உரசாத இடமே இல்லை. வாடியில் ஃபேன் ஓடும் பிளக்தான் இருந்தது, அதில் ஏசியைப் போட்டால் தோப்பு முழுக்க இருட்டு. அதைவிடப் பெரிய சிக்கல் கழிவுத் தொட்டி. 2021இல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, சரி. ஆனால் நாங்கள் போன இடம் எதிலும் தொட்டியைக் காலி செய்ய வசதி இல்லை. இரண்டாவது நாள் வாசனையோடுதான் திரும்பினோம். வாடகைக்குக் கொடுத்தவர் அதற்கும் தனியாகப் பணம் பிடித்துக்கொண்டார். வயசானவர்கள் உடன் வந்தால் ஒரு ராத்திரிக்குச் சரி. இல்லாவிட்டால் அந்தக் காசுக்குப் பல தடவை டென்ட்டில் போய்வரலாம்.

மாமியாருக்குக் கேரவன் பிடிக்கவே இல்லை. வாடி வீட்டு மாவ்ஷி (அந்த வீட்டு அம்மா) போட்ட அரிசி மாவு ரொட்டியான பாக்ரியும், கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இளஞ்சிவப்பாகக் கொடுத்த சோல்கடியும் பிடித்துப்போனது. "இது ரசமாட்டி, மோரா?" என்று கேட்டுக்கேட்டே மூன்று டம்ளர்.

இந்த வருடம் அவரே டென்ட்டுக்கு வருகிறேன் என்கிறார். சமையலறைக் காலண்டரில் அஷ்டமியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தேன். பார்த்துவிட்டார். "ஏட்டி, அஷ்டமியில போயி யாராவது வெளியூர் கிளம்புவாவளா?" ஏற்றம், வற்றம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் சப்தமியன்றே கிளம்பிவிடுவது என்று முடிவாகி, அலுவலகத்தில் ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்டிருக்கிறேன்.