வெள்ளவத்தை வீட்டு மூட்டைப்பூச்சிக்கு வந்த இரண்டு கூட்டம்

இவருக்கு, என் மனுசனுக்கு, ஒரு கடியும் இல்லை. எனக்கு இடது கை முழுக்க மூன்று மூன்றாக வரிசைத் தடிப்பு. "நுளம்பாயிருக்கும்" என்றார். வலைக்குள்ளே படுக்கிறவளுக்கு நுளம்பு எங்கேயிருந்து வரும்? தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தபோது தையலோரம் பேனை மையைத் தொட்டு வைத்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அதற்குப் பிறகு என்ன சந்தேகம்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டு அறையில் ஒன்றை நாள்வாடகைக்கு விடுகிறோம். விசா நேர்முகத்துக்கு வருகிறவர்கள், சோதினை எழுத வருகிற பிள்ளைகள், விமானம் ஏறப் போகிறவர்களை அனுப்ப வருகிற குடும்பங்கள். யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியற்காலையில் காலி வீதியில் இறக்கிவிடும், பெட்டியோடு நேரே வந்து கட்டிலில் சாய்வார்கள். யார் கொண்டுவந்தது என்று நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் கொண்டு போயிருப்பார்களோ, அதை நினைக்கத்தான் எனக்கு வெட்கம்.

முதலில் கூப்பிட்டது பெரிய விளம்பரம் போடுகிற ஒரு கொம்பனி. பேரைச் சொல்ல விருப்பமில்லை. 24,000 ரூபா, ஒரு வருட உத்தரவாதம், அச்சடித்த அட்டை. இரண்டு பெடியள் முதுகில் டாங்கியோடு வந்தார்கள். மெத்தையைத் தூக்கவில்லை, கட்டிலைக் கழற்றவில்லை. சுவரோரம், மெத்தைக்கு மேல், அலுமாரிக்குப் பின்னால் விசிறினார்கள், கடைசியில் ஒரு புகையும் போட்டார்கள். நான் கடிகாரம் பார்த்தேன்: 25 நிமிடம். பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் மறுபடி மூன்று தடிப்பு. அழைத்தால் "மழை நாள் மேடம், கொஞ்சம் பொறுங்கோ" என்றார்கள். ஒரு மாதம் நச்சரித்த பிறகு வந்து அதே மருந்தை அதே அறையில் விசிறினார்கள். அதற்குள் முன்கூடத்துச் சோபாவிலும் கண்டுவிட்டேன். சோபா உத்தரவாதத்தில் இல்லையாம், அட்டையில் 'படுக்கை அறை' என்றுதான் இருக்கிறதாம்.

பேராதனையில் விவசாயம் படித்த என் பெறாமகள்தான் விளக்கினாள். மருந்து முட்டையை ஒழுங்காகக் கொல்லாது, நம்முடைய வெக்கைக்கு ஒரு கிழமை, பத்து நாளில் குஞ்சு பொரிக்கும். அதனால் ஒரு தரம் அடித்துவிட்டுப் போகிறது வேலையே இல்லையாம். புகை இடுக்குக்குள்ளே போகாமல் பூச்சியை அடுத்த அறைக்குக் கலைத்துவிடும். இலங்கையில் பிடித்த மூட்டைகளைச் சோதித்த ஆய்வொன்று 2007இலேயே வந்திருக்கிறதாம், பல மருந்துகளுக்கு அதுகள் சாகிறதில்லையாம். பாற்கடலிலே பெருமாள் போய்ப் படுத்தது மூட்டைக்குப் பயந்துதான் என்று ஐயா ஒரு பகிடி சொல்லுவார். அந்த நேரம் எனக்கும் கடலுக்குள்ளே போய்ப் படுக்கலாம் போலத்தான் இருந்தது.

பட்டினி போட்டும் பார்த்தோம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் 25 நாளும் ஊரில் நின்றோம். வீடு பூட்டு. திரும்பி வந்த முதல் இரவே விருந்து வைத்தேன். பெரிய மூட்டை இரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்குமாம்.

இரண்டாவதாக வந்தவர் தெஹிவளைப் பக்கத்துச் சிங்களத் தம்பி. கூட ஒரு உதவியாள். போர்டும் இல்லை, அச்சடித்த அட்டையும் இல்லை, மேல்மாடி அன்ரி தந்த நம்பர்தான். டாங்கியைக் கீழே வைத்துவிட்டு முதலில் எடுத்தது ஒரு டோர்ச், ஒரு பழைய பாங்க் கார்ட். மெத்தையின் தையலுக்குள் கார்டை விட்டு மெல்ல இழுத்தார். பழுப்பு நிறத்தில் சருகு மாதிரி உரித்த தோல், அதன் கீழே அரிசிக் குருணையிலும் சின்னதாய் வெள்ளை முட்டைகள், ஒட்டியபடி. "மக்குணா, அக்கா" என்றார், சிங்களத்தில் மூட்டைப்பூச்சி. அம்மாவின் தேக்குக் கட்டிலைக் கழற்றினார். ஸ்குரூ ஓட்டையொன்றில் டோர்ச்சைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஐந்தாறு, மாதுளை முத்து மாதிரி நிறைந்து, என்னுடைய இரத்தத்தோடு.

அன்றைக்கு மருந்தே அடிக்கவில்லை. பார்க்க மட்டும் ஒன்றரை மணித்தியாலம். சாமான் ஒதுக்கித் தந்தால்தான் வருவேன் என்று போய்விட்டார். துணி எல்லாவற்றையும் பையில் கட்டி லோன்ட்ரிக்குக் கொண்டுபோய், சூடான டிரையரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் சுழற்ற வேண்டும். மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டால் போதாதா என்று கேட்டேன். மெத்தையின் மேல்பக்கம் சுட, பூச்சி கீழ்ப்பக்கம் போய்விடுமாம். ஊரில் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, பொருத்தில் மண்ணெண்ணெய் விடுவோம். மூன்றாம் மாடியில் மண்ணெண்ணெய் என்றவுடன் தம்பி சிரிக்கவில்லை, "நெருப்பு, அக்கா" என்றார்.

பிறகு வந்தது மூன்று தரம், இரண்டு இரண்டு கிழமை இடைவெளியில். தையல், பொருத்து, சோபாவின் அடித்துணி எல்லாவற்றுக்கும் நீராவி, அதுதான் முட்டையையும் கொல்லும். சுவர் வெடிப்புக்கு மருந்து. சுவிட்ச் பெட்டிக்குள் வெள்ளைத் தூள். எல்லாமாக 31,000 ரூபா, தவணையாய்க் கொடுத்தேன்.

குறையும் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஒன்பது என்றால் பதினொன்று. நீராவி பட்டுக் கட்டிலின் வார்னிஷ் இரண்டு இடத்தில் வெளுத்துவிட்டது, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தந்தார். மூன்றாவது வருகையை ஆறு நாள் பிற்போட்டார்.

நாலு மாதம் கழித்துத் திரும்பவும் கடி. எரிச்சலோடு அழைத்தேன், அடுத்த நாளே வந்தார், அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு. நேரே பல்கனிக்குப் போய்ப் பிரம்புக் கதிரையைத் திருப்பினார். முதல் நாளே அதைக் கேட்டவர், "அதில் ஒருத்தரும் படுக்கிறதில்லை" என்று சொன்னது நான். என் மனுசன் மத்தியானச் சோறு சாப்பிட்டு அதிலேதான் ஒரு மணித்தியாலம் கண்ணயர்வார்! பிரம்பு முடிச்சு ஒவ்வொன்றுக்குள்ளும் குடும்பம். இவருக்குக் கடி இல்லை என்று நான் நினைத்தது பிழை. கடிக்கும், சிலருடைய தோல் காட்டிக்கொடுக்காது. "இஞ்சாருங்கோ, இத்தனை மாதமா நீங்கள்தான் வளர்த்திருக்கிறீங்கள்" என்றேன். பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். கதிரைக்கு மூன்று தரம் நீராவி பிடித்து 3,500 ரூபாதான் வாங்கினார்.

இப்போது கட்டில் கால் நான்கும் தயிர்க் கிண்ணத்துக்குள் நிற்கின்றன. கிண்ணத்தில் பிள்ளைகளுக்குப் பூசுகிற பௌடர் கொஞ்சம். நம் நாட்டு மூட்டை வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஏறிவிடுமாம், பௌடர் இருந்தால்தான் வழுக்கி உள்ளேயே கிடக்கும். நுளம்பு வலையின் நுனி நிலத்தில் தொட்டால் கிண்ணத்தால் பயனில்லை, அதையும் அவர்தான் சொன்னார். காலையில் கோப்பி போட முதல் கிண்ணம் பார்ப்பேன். ஐந்து மாதமாக எறும்பும் தூசியும்தான்.

தெஹிவளைத் தம்பிக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது நேரத்துக்கும் வார்னிஷுக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம், வரமாட்டார். வெள்ளிக்கிழமை பருத்தித்துறையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, நாலு பெட்டி என்று சொன்னார்கள். பெட்டிகள் முதலில் குளியலறைக்குள்ளே போகும், டோர்ச் மேசையில் சார்ஜில் கிடக்கிறது.