செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: டெஸ்ட் லாம்பா, ஸ்கேனரா, பார்ட் மாற்றுவதா?

மாருதி 800, ஜென், ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஐகான் என்று 2000-க்கும் 2010-க்கும் இடையில் வாங்கிய பெட்ரோல் கார்கள் இன்னும் நம் ஊர்களில் நிறைய ஓடுகின்றன. கார்புரேட்டர் போய், இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்த காலத்து வண்டிகள். ஒரு நாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. அப்போது மூன்று வழிகள் உண்டு. கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்பும் மல்டிமீட்டரும் வைத்து வரிசையாகச் சோதிக்கலாம். ஸ்கேனர் மாட்டி, வண்டியின் கணினி பதிந்து வைத்த கோளாறு எண்ணை, அதாவது கோடைப் பார்க்கலாம். சந்தேகப்பட்ட பார்ட்டை மாற்றிப் பார்க்கலாம். இந்த வயது வண்டிகளுக்கு முதல் வழிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பட்டறைகளில் பெரும்பாலும் மூன்றாவது வழியில்தான் தொடங்குகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழியான கைச்சோதனை காதிலிருந்தே தொடங்கும். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றுகிறதா? வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். மந்தமாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கினால், செல்ஃப் மோட்டார் சுற்றினாலும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

அடுத்து, சாவியை ஆன் நிலையில் நிறுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். பல்ப் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் ஈ.சி.யு.வுக்கே கரண்ட் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதே நேரத்தில் பின்சீட்டுப் பக்கம் டேங்கிலிருந்து ஓரிரண்டு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். சில மாடல்களில் செல்ஃப் அடிக்கும்போதுதான் பம்ப் ஓடும். அதனால் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் காது வைத்துக் கேட்பது நல்லது. ஐகான், பாலியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: இவற்றில் மோதல் நேர்ந்தால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய குழியில் தடாலென்று இறங்கினாலே அது துண்டித்துவிடலாம். அழுத்திவிட்டால் சரியாகிவிடும், ஆனால் பெட்ரோல் எங்கேயும் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இனி முக்கியமான இடம். செல்ஃப் அடிக்கும்போது பிளக்கில் தீப்பொறி வருகிறதா, இன்ஜெக்டர் கனெக்டரில் மின்துடிப்பு வருகிறதா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன். இரண்டுமே இல்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர், ஈ.சி.யு. சப்ளை என்று சந்தேகம் சுருங்கிவிடும். துடிப்பு இருக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லை என்றால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் பக்கம் போக வேண்டும். இரண்டும் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அழுத்தம். பம்ப் சத்தம் கேட்டதால் பம்ப் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. தேய்ந்த பம்ப்பும் சத்தமாகத்தான் ஓடும். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் 3 பார் அளவில் காட்ட வேண்டும்.

தீப்பொறி பார்க்க பிளக் வயரைக் காற்றில் பிடித்து பாடியில் தாவவிடும் பழைய பழக்கம் வேண்டாம். தாவ வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் ஈ.சி.யு.வையும் பதம் பார்த்துவிடும். ஒரு உபரி பிளக்கை வயரில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்துப் பாருங்கள். ஈ.சி.யு. வயர்களில் பெரிய பல்ப் போட்ட லாம்பையும் வைக்காதீர்கள், எல்.இ.டி. லாம்பே போதும். இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் இன்னும் நடக்கிறது. பின்தீ வந்தால் முகம் கருகும்.

பல முறை அடித்து பிளக் நனைந்திருந்தால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான ஈ.சி.யு.க்கள் அப்போது இன்ஜெக்டரை நிறுத்திவிடும், உள்ளே தேங்கிய பெட்ரோல் காய்ந்துவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பெட்ரோலையே சந்தேகிக்க வேண்டும். இப்போது விற்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அது எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இந்தக் கார்களின் ரப்பர் குழாய்களும் அந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சரி, ஸ்கேனர்? புது வண்டிக்கு அருமையான கருவி. ஆனால் வண்டியே தன் கோளாறைக் கண்டறியும் ஓ.பி.டி. ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது, பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் 2010 ஏப்ரலிலிருந்துதான், அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல கார்களில் 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் பேசுவது கம்பெனியின் சொந்த மொழி. ஃபோனோடு இணைக்கும் மலிவு டாங்கிள் 'இணைக்க முடியவில்லை' என்று காட்டும். அதைப் பார்த்து ஈ.சி.யு. போய்விட்டது என்று பயந்து பழைய ஈ.சி.யு. தேடிக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேதனையான செலவு அது. அந்த மாடலைப் படிக்கிற பட்டறை ஸ்கேனர் வேறு, அதை நம்பலாம். சில பழைய சுசுகி இன்ஜின் வண்டிகளில் ஸ்கேனரே தேவையில்லை. கண்டறியும் கனெக்டரில் உரிய இரு முனைகளை வயரால் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு மினுக்கியே எண் சொல்லும். 12 என்றால் குறை எதுவும் பதிவாகவில்லை.

கோட் கிடைத்தாலும் அது சர்க்யூட்டைத்தான் சொல்லும். பி0335 வந்தால் கிராங்க் சென்சார் போயிருக்கலாம், எலி வயரைக் கடித்தும் இருக்கலாம். தளர்ந்த பம்ப், தண்ணீர் கலந்த பெட்ரோல், தேய்ந்த பிளக் இவற்றுக்குப் பெரும்பாலும் கோடே வராது. ஸ்கேனர் கைச்சோதனையை உண்மையாகவே வெல்வது, சென்சார்கள் அந்த நொடியில் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவில். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சிக்னல் வரவில்லை. குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 என்றால் சென்சார் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஈ.சி.யு. கடுங்குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். காலையிலேயே 90 காட்டினால் நேர்மாறு, பெட்ரோல் போதாமல் பிடிக்காது. லாம்பு வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பார்ட் மாற்றிப் பார்ப்பதில் நான் ஏற்பது இரண்டே. ஒரே எண் கொண்ட ஹாரன் ரிலேயைப் பம்ப் ரிலே இடத்தில் மாட்டிப் பார்ப்பது, நாள்பட்ட பிளக்குகளை மாற்றுவது. மற்றதெல்லாம் காசைக் கொடுத்து ஊகிப்பது. சென்சாரை மாற்றும்போது பச்சை பிடித்த கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே தொடர்பு வந்து இன்ஜின் பிடித்திருக்கும். புது சென்சாருக்குப் பேர் கிடைக்கும், சில வாரத்தில் அதே கோளாறு திரும்பும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இங்கே உதவாது. செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது தள்ளினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குத்தான் போகும்.

சூடானால் மட்டும் நின்று, அரை மணி ஆறினால் பிடிக்கிற வண்டிக்கு டெஸ்ட் லாம்பு டேஷ்போர்டிலேயே இருக்க வேண்டும். கிராங்க் சென்சார் பல நேரம் இப்படித்தான் போகும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கோளாறு ஓடிவிடும், அதனால் தீப்பொறியையும் துடிப்பையும் நின்ற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கைச்சோதனை தோற்கிற இடம் இம்மொபிலைசர். சாவிப் படம் கொண்ட விளக்கு விடாமல் மினுக்கினால் முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் பிடித்தால் முதல் சாவியின் சிப்தான் கோளாறு. இரண்டிலும் பிடிக்காவிட்டால், அந்த மாடலுக்கான ஸ்கேனர் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு டோ செய்வதுதான் வழி. போகும்போது இரண்டு சாவிகளையும் ஆர்.சி.யையும் வண்டியோடு கொடுத்தனுப்புங்கள்.