ஓகேடி4 க்ளோன்: ஸ்டெயினிங் சூப்பர், ஆனா கவுண்ட்டுக்கு இத மட்டும் நம்பாதீங்க

ஃப்ளோ சைட்டோமெட்ரில (ஒளிரும் சாயம் ஒட்டின ஆன்டிபாடிய செல்லுல ஒட்ட வச்சு, லேசர்ல ஒவ்வொரு செல்லா பாக்குற முறை) சிடி4ங்கிற செல் மேற்பரப்பு புரோட்டீன பாக்க ஓகேடி4ங்கிற ஆன்டிபாடி க்ளோன் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு இது. ஸ்டெயினிங்ல குறையே சொல்ல முடியாது, சிடி4 நிறைய இருக்குற ஹெல்ப்பர் டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணு) எல்லாம் தனி பீக்கா பளிச்னு பிரிஞ்சு வரும், மோனோசைட்ல (இன்னொரு வகை வெள்ளை அணு) இருக்குற கொஞ்சூண்டு சிடி4 கூட நடுவுல மங்கலா தெரியும். 1979ல வந்த க்ளோன், இதே வரிசைல வந்த ஓகேடி3 தான் 1986ல அமெரிக்கால மருந்தா அனுமதி வாங்கின முதல் மோனோக்ளோனல் ஆன்டிபாடி.

ஆனா சில பேர் ரத்தத்துல இது ஒட்டவே ஒட்டாது. செல் இருக்கும், சிடி4 இருக்கும், வேலையும் பாக்கும், நம்ம ஸ்க்ரீன்ல மட்டும் வராது. காரணம் ஜீன்தான். 12வது க்ரோமோசோம்ல இருக்குற சிடி4 ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி, புரோட்டீன்ல 240வது இடத்துல அர்ஜினினுக்கு பதிலா டிரிப்டோஃபான் வந்துடுது, ஓகேடி4 பிடிக்கிறது சரியா அந்த இடம் இருக்குற மூணாவது டொமைனத்தான் (டொமைன்னா புரோட்டீனோட ஒரு தனிப் பகுதி). ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்கிட்ட இந்த மாற்றம் சகஜம், ஜப்பானியர்கள்லயும் ஓகேடி4 ஒட்டாதவங்க இருக்காங்க.

அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஜீனோட ரெண்டு காப்பியும் மாறியிருந்தா பீக் மொத்தமா நெகட்டிவ் பக்கம் போயிடும், அத யாரா இருந்தாலும் கவனிச்சிருவாங்க. ஒரு காப்பி மட்டும் மாறியிருந்தாதான் வம்பு, வெளிச்சம் ஏறக்குறைய பாதி ஆகும், உடனே டைட்ரேஷன் (ஆன்டிபாடி அளவ சரிபாக்குறது) சரியில்ல, ரீஏஜென்ட் பழசு, வோல்டேஜ் மாறிடுச்சுன்னு எல்லாத்தையும் சந்தேகப்படுவோம், ரத்தம் குடுத்தவரோட ஜீன யாரும் யோசிக்க மாட்டோம். சிடி3 பாசிட்டிவ் செல்லுல (அதாவது டி செல்லுல) சிடி4ம் இல்லாம, இன்னொரு டி செல் வகையோட அடையாளமான சிடி8ம் இல்லாம பெரிய கூட்டமா ஒண்ணு நின்னா அதே சாம்பிள வேற சிடி4 க்ளோன்களான எஸ்கே3 இல்லன்னா ஆர்பிஏ-டி4 போட்டு ஓட்டிப் பாருங்க, இந்த வேரியன்ட்தான்னா காணாம போன பீக் அப்படியே திரும்பி வரும். நான் வாங்கின இடத்து டேட்டாஷீட்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு நிஜமாவே கோவம், ஏன்னா சிடி4 கவுண்ட்ட வச்சு நோயாளிக்கு முடிவு எடுக்குறாங்க.

அதுக்காக தூக்கிப் போடாதீங்க. எச்ஐவியோட மேற்பரப்பு புரோட்டீன் ஜிபி120 போய் ஒட்டுறது சிடி4ஓட முதல் டொமைன்ல, ஆர்பிஏ-டி4 பிடிக்கிறதும் அங்கதான், அது ஒட்டின செல்லுல ஆர்பிஏ-டி4க்கு இடமே கிடைக்காது, ஓகேடி4 மூணாவதுல பிடிக்கிறதால அப்பவும் சிடி4 தெரியும். அந்த வேலைக்கு மட்டும் இத ஸ்டாக் வச்சிருக்கேன், மத்த பேனல் (ஒண்ணா போடுற ஆன்டிபாடி கலவை) எல்லாத்துலயும் எஸ்கே3 தான்.