எயார் றைபிளும் தையல் மெஷின் எண்ணெயும்

யாழ்ப்பாணத்து மீசாலையில் எங்கள் வளவில் எட்டுப் பலாமரமும் கொஞ்சம் தென்னையும் நிற்கின்றன. குரங்குத் தொல்லை தாங்காமல், அனுமதி அலுவல்களை எல்லாம் முடித்து, ஏழு வருடத்துக்கு முன் ஒரு எயார் றைபிள் வாங்கினேன். குழலை மடித்து 4.5 மி.மீ. குண்டு போடுகிற ஸ்பிறிங் வகை. குரங்குகளுக்கு இரண்டு வரி போதும். முதல் மாதம் குழலை மடிக்கிற சத்தத்துக்கே ஓடின. இப்போது என் கையில் இருப்பது துவக்கா தும்புத்தடியா என்று கூரையில் இருந்தே பார்த்து முடிவெடுக்கின்றன. அதனால் நான் சுடுவது பெரும்பாலும் மண்கும்பிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்ட பொச்சுமட்டையைத்தான்.

இரும்புச் சாமான் என்றால் எண்ணெய் கேட்கும் என்பது என் நினைப்பு. வாங்கிய புதிதில், குழலுக்குப் பின்னால் காற்று வருகிற ஓட்டைக்குள் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். வழக்கமாக 'டப்' என்பது அன்று 'டமார்' என்றது. குழல் வாயால் புகை வந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாரும் பட்டாசு என்று முதலில் நினைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. ஒழுங்கைக்குள் சைக்கிளில் வந்தவர் இறங்கியே நின்றுவிட்டார். எல்லோருக்கும் விளக்கம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போனது.

நடந்தது இதுதான். குழலை மடிக்கும்போது நெரிபட்ட ஸ்பிறிங், விசையை இழுத்ததும் பிஸ்ரனைத் தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்று கண் இமைக்கிற நேரத்தில் நெரிபட்டுக் கொதிக்கும் சூடாகிறது. அதற்குள் எண்ணெய் இருந்தால் பற்றும். இரண்டு சில்லு உழவு மெஷினான லாண்ட்மாஸ்ரரின் எஞ்சினில் டீசல் பற்றுவதும் இப்படித்தான். பழைய துவக்குகளில் பிஸ்ரன் சீல், அதாவது காற்றுக் கசியாமல் பிஸ்ரன் தலையில் இருக்கும் அடைப்பு, தோலால் செய்தது. அது இடைக்கிடை எண்ணெய் குடிக்கும். என்னுடையது பிளாஸ்ரிக் வகை. அதற்கு அந்த ஓட்டைக்குள் ஒன்றும் விடத் தேவையில்லை.

குறி தவறத் தொடங்கியபோது கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டதாக நினைத்தேன். பார்த்தால் மரக்கட்டையைப் பிடிக்கும் முன்பக்க ஸ்குறூ இரண்டும் இளகிக் கிடந்தன. இந்த வகைத் துவக்கு பின்னுக்கும் முன்னுக்கும் உதறும், ஸ்குறூ நிற்காது. திருப்புளியால் இறுக்கி, தலையின் ஓரத்தில் மனைவி நகத்துக்குப் பூசும் கியூரெக்ஸ் ஒரு சொட்டு வைத்தேன். அந்தக் கோடு வெடித்திருந்தால் ஸ்குறூ அசைந்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு நிறம் நல்லது.

மூன்றாம் வருடம் குழலின் பொருத்தில் இருக்கும் றப்பர் வளையம் தேய்ந்தது. கண்டுபிடிப்பது சுகம்: பொருத்துக்கு மேல் ரிசு பேப்பரில் ஒரு கீற்று வைத்துச் சுட்டால், காற்றுக் கசிவு இருந்தால் அது பறக்கும். என்னுடையது முற்றத்துக்கே போனது. தண்ணீர்ப் பம்ப் சாமான் விற்கும் கடையில் அதே அளவு ஓ-றிங் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. இரண்டு வாங்கினேன். வளையம் பொருத்தின் மட்டத்தை விட ஒரு மயிரளவு உயர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். குழல் மடிந்திருக்கும்போது ஒரு கை குழலை விடக்கூடாது. விசை வழுக்கினால் குழல் நிமிர்ந்து விரலை எடுத்துவிடும்.

மாரியில் பஞ்சு வைத்த உறைக்குள் போட்டு வைத்ததில் ஈரம் பிடித்து, குழலெல்லாம் செம்மஞ்சள் புள்ளி. இப்போது உறை இல்லை. எண்ணெய் தடவிய சாரத்துண்டால் துடைத்து அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறேன். வெளியே துடைக்கத்தான் அந்தத் தையல் மெஷின் எண்ணெய். குழலின் உட்பக்கத்துக்குத் தங்கூசியில் (நைலோன் நூல்) துணி கட்டிப் பின்னால் இருந்து முன்னால் இழுப்பேன், அதுவும் எப்போதாவது. கம்பி விட்டால் குழல் வாய் கீறுப்படும்.

பெரிய வேலை ஐந்தாம் வருடம் வந்தது. முன்பெல்லாம் வெறும் மீன் ரின்னின் இரண்டு பக்கத்தையும் துளைத்துப் போன குண்டு, இப்போது ஒரு பக்கம் மட்டும் துளைத்து உள்ளேயே கிடந்து கிலுங்கியது. ஸ்பிறிங் களைத்துவிட்டது. குழலை மடித்தபடி மணிக்கணக்காகக் குரங்குக்குக் காவல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். கடையில் முதலில் தந்தது வேறு மொடலுக்கானது, பிஸ்ரனுக்குள் இறங்கவில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும். சரியானது கொழும்பிலிருந்து வர இரண்டு மாதம். உள்ளே ஸ்பிறிங் நெரிபட்டே இருப்பதால், பின் ஆணியைச் சும்மா தட்டிக் கழற்றினால் முகத்துக்கே பாயும். தச்சுவேலை செய்யும் சித்தப்பாவிடம் நீளக் கிளாம்ப் வாங்கி, இறுக்கிப் பிடித்து, ஆணியைக் கழற்றி, மெதுமெதுவாக இளக்கினோம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பழையது இரண்டு விரல் கட்டை. நடுவில் நெளிவு வேறு. பிஸ்ரன் சீலின் விளிம்பு ஒரு பக்கம் கருகிக் கடித்த மாதிரி இருந்தது. அந்த நாலு சொட்டின் வேலை. அதையும் மாற்றி, ஸ்பிறிங்குக்கு மொலிப்டினம் கிறீஸ் மெல்லிசாகப் பூசி மூடினோம்.

முதல் குண்டைப் போடமுன் வேலியடிக்குப் போனேன்.

"அன்ரி, ஒருக்கா சுட்டுப் பாக்கப்போறன்."

"பொறு தம்பி, நாயைக் கட்டிப்போட்டு வாறன்."