மோட்டார் புதுசு, 12 வோல்ட் பழசு

பெட்ரோல் கார்களில் பேர் வாங்கிய கம்பெனியின் மின்கார் இது. நாலு வருட ஓட்டத்தில் மாற்ற வேண்டி வந்த ஒரே பாகம் 12 வோல்ட் பேட்டரி. எரிச்சலும் அதன் மேல்தான்.

சஸ்பென்ஷன், சீட், பிரேக் மிதியின் பதம் எல்லாம் கைதேர்ந்த வேலை. ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) முடிந்து டிஸ்க் பிடிக்கும் இடம் காலுக்குத் தெரியவே இல்லை.

ஆனால் 400 வோல்ட் பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தும் வண்டி எழாமல் படுத்துவிடும். அதை மோட்டாரோடு சேர்க்கும் கான்டாக்டர்கள் என்ற பெரிய சுவிட்சுகள் மூடவே 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டும் அதில்தான். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்தில் கஞ்சத்தனம்!

காரணம் எளிது. வைப்பர் முதல் ஏர்பேக் வரை எல்லாம் 12 வோல்ட்டில் ஓடும், பெட்ரோல் மாடலோடு பொதுவான பாகங்கள். கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சப்ளையருடையது. பூட்டிய பிறகு அதில் ஒன்று தூங்காவிட்டாலும் பேட்டரி கரையும். மொபைல் ஆப்பில் சார்ஜ் பார்த்தால் வண்டி விழித்துக்கொள்கிறது. வண்டியின் தகவல்களைப் படிக்கச் செருகும் ஓபிடி டாங்கிளை மாட்டியே வைத்தால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் காரில் செல்ஃப் இழுத்து இழுத்து முன்கூட்டியே சொல்லிவிடும். இதில் அதுவும் கிடையாது.

டெஸ்லா 2021-லேயே 12 வோல்ட் பேட்டரியில் ஈயத்தை விட்டு லித்தியத்துக்கு மாறத் தொடங்கியது. 2023-ல் சைபர்டிரக்கில் 48 வோல்ட்டுக்கே போய்விட்டது. பழைய கம்பெனிகளோ இன்னும் தடுமாறுகின்றன: 12 வோல்ட்டுக்குச் சார்ஜ் ஏற்றும் யூனிட் பழுதாவதால் ஹூண்டாயும் கியாவும் 2024-ல் அமெரிக்காவில் ரீகால் செய்தன.

சோதிக்க: பானட்டைத் திறந்து வைத்து, வண்டியைப் பூட்டி, நாலு மணி நேரம் கழித்து 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 நல்லது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றியும் மறுநாளே 12-க்கு இறங்கினால் மாற்றுங்கள். வண்டியை ஆன் செய்ததும் 13-க்கு மேல் காட்டாவிட்டால் பழுது பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, 400 வோல்ட்டிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி கன்வர்ட்டரில்.

மாற்றும்போது நெகட்டிவ்தான் முதலில் கழற்ற வேண்டும். அந்த முனையில் சார்ஜ் அளக்கும் சென்சார் இருந்தால், சார்ஜ் ஏற்றும்போது சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை பாடி எர்த்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஏறிய சார்ஜ் வண்டியின் கணக்கில் வராது. ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்த ஈய பேட்டரி) இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் போட வேண்டும். சில மாடல்களில் புது பேட்டரியை ஸ்கேனரில் பதியவும் வேண்டும். இன்னொன்று: இந்தப் பேட்டரியிலிருந்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை கன்வர்ட்டர் தாங்காது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓட்டுவதற்கு இதைவிடச் சுகமான வண்டி இல்லை. வாங்காதீர்கள். இதே கம்பெனி லித்தியம் 12 வோல்ட் போட்டு விற்கும்போது கேளுங்கள்.