சிவப்புக் கோவாத் தாளோடு இரண்டு வருடம்

நான் உயர்தர இரசாயனவியல் படிக்கும்போது ஆரம்பித்தது. இப்போது தம்பியின் சாதாரண தரப் பரீட்சையும் முடிந்துவிட்டது. ஒரு பொருள் அமிலமா காரமா என்று நிறம் மாறிச் சொல்லும் காட்டித் தாளை, சிவப்புக் கோவாச் (முட்டைக்கோசு) சாற்றில் நனைத்துச் செய்து இத்தனை நாளும் பாவித்தோம்.

கால்வாசிக் கோவாவை நறுக்கிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் ஊதாச் சாறு. வெள்ளைத் தாள் கீற்றுகளை அதில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டனில், ஜூலை மழையில், எங்கே காயவைப்பது? அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் தாளெல்லாம் பச்சைப் புள்ளி! விறகுச் சாம்பல் பறந்து ஒட்டியிருந்தது. சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் காபனேற்றுக்குக் காரத்தன்மை உண்டு. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தத் தாள்கள் வீண். தம்பிக்கு மட்டும் அது இன்றுவரை மறக்கவில்லை.

வினாகிரிக்கும் தேசிக்காய்க்கும் இளஞ்சிவப்பு, அப்பச்சோடாவுக்கு நீலம். பச்சைக்கு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டிதான் கதி. "என் சுண்ணாம்ப எடுக்காதடா" என்ற சத்தம் தினமும் கேட்கும்.

குறையும் உண்டு. நீரில் முழுதாக அயன்களாகப் பிரியும் வன்னமிலம், கொஞ்சமே பிரியும் மென்னமிலம் என்று இந்தத் தாள் பிரித்துச் சொல்லாது. லீற்றருக்கு 0.1 மோல் என்ற ஒரே செறிவில் ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 1, வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தினது ஏறத்தாழ 2.9. தாளில் இரண்டும் சிவப்புதான். செறிவு வேறு, வன்மை வேறு என்பதைக் கொப்பியில் கணக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டும். எனக்குப் புள்ளி போன இடமும் இதுதான்.

இன்னொரு தொல்லை யூடியூப். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் 'காரம்' என்பது நம் இலங்கைப் புத்தகத்து 'மூலம்', அதாவது அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள். நீரில் கரையும் மூலமான நம் 'காரம்' அவர்களுக்கு 'எரிகாரம்'. அதைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, செப்பொட்சைட்டைக் காரம் என்று எழுதிவைத்தான். அது மூலம், நீரில் கரையாததால் காரம் அல்ல. வீடியோ பார்ப்பதென்றால் முதலில் இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தேயிலை மலைக்கு டொலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் கல்தூள்) போடுவது ஏன் என்று தம்பியைக் கேட்டால், "நடுநிலையாக்க" என்று முடித்துவிடுவான். அப்பாதான் சிரித்தார். தேயிலைக்குப் பிடித்தது பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட அமில மண். அதற்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் தூக்கிவிடத்தான் டொலமைட். 7 வரை போனால் செடிக்குக் கேடு.

சாறு வெளியில் இருந்தால் சில நாளில் நாறும். தாளும் பனிமூட்டத்தில் வெளிறிப்போகும். ஜாம் போத்தலில் ஒரு பிடி காய்ந்த அரிசி போட்டு, இறுக மூடி வையுங்கள். எங்கள் போத்தலில் இன்னும் பதினொரு தாள் இருக்கிறது. தங்கச்சி அதை எடுத்துப் பிளேன்டீயில் தோய்த்துப் பார்க்கிறாள்.